களம் எங்கே?

(சூளகிரி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கு வரும் வழியில் ஒரு காட்சி கண்டேன். அறுத்த கேழ்வரகுக் கதிர்களைச் சாலையிலே பரப்பிவிட்டு, மூதாட்டி ஒருவர் ஓரத்தில் ஒதுங்கி நின்றார். ஒசூர் நோக்கிச் சென்ற லாரி அதன்மீது உருண்டது. ஓடிச் சென்று தாளைப் புரட்டினார். அடுத்த லாரி வருமுன் ஓடி வந்தார். மணி உதிர்ந்தது, மண்ணும் சேர்ந்தது! நாடகம் எழுதுகிறவன் நான். இதை நான் எழுதியிருந்தால் மிகை என்றிருப்பீர்கள்.

"சிறு உழவனுக்குத் திறமை போதாது" என்கிறார்கள் பட்டணத்துப் பண்டிதர்கள். அப்படியா? பண்ணையின் பரப்பு பெருகப் பெருக ஏக்கருக்குரிய விளைச்சல் குறைகிறது என்று, இந்தியப் பண்ணைக் கணக்குகளைக் கொண்டே 1962இல் எடுத்துக்காட்டினாரே அமர்த்தியா சென்! காரணம் என்ன? சிறியவன் தன் குடும்பத்து உழைப்பு முழுவதையும் அந்த வரப்புக்குள் கொட்டினான்.

அந்தக் குடும்பம் இன்று எங்கே? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஓர் உழவனின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அது வயிற்றுக்கே போதாதபோது மகன் சிப்காட்டுக்குப் போகிறான். போகட்டும், ஆலையை நான் ஏசவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே! ஆனால் கேழ்வரகு களைக்கு அஞ்சும் பயிர். முளைத்த முதல் சில வாரங்களில் களை முந்திக்கொண்டால், பிறகு மழை பெய்தும் பயனில்லை. வரிசையில் விதைத்தால் களைக்கருவியை ஓட்டலாம். கைவீச்சில் தூவிய நிலத்தில் குனிந்துதான் பறிக்க வேண்டும். குனிய இன்று யார் மிச்சம்? தாயும் பாட்டியும்!

விதையில் குறையா? இல்லை. இதே மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம், வறட்சி தாங்கும் 'பையூர் 2' கேழ்வரகை வழங்கியிருக்கிறது. விலையில் குறையா? 2025-26ஆம் ஆண்டுக்கு நடுவண் அரசு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் அறிவித்தது. சாதாரண நெல்லுக்கு அறிவித்ததோ 2,369 ரூபாய். ஏட்டிலே இனிக்கிறது! ஆனால் கொள்முதல் நிலையம் தூய மணியைக் கேட்கும். கல்லும் மண்ணும் கலந்ததை ஏற்குமா? ஏற்காத மூட்டையை வாங்க வாசலிலேயே வியாபாரி காத்திருக்கிறார், தமக்குப் பிடித்த விலையோடு.

திங்கள் கணக்கில் பாடுபட்ட திறமை, கடைசி அரை நாளில் தார்ச்சாலையில் நசுங்குகிறது. அதை உழவனின் குறை என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது வானத்து நிலவை அன்று. ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம். சில ஊர்களுக்குப் பொதுவாக, குறைந்த வாடகையில் ஒரு கதிரடிக்கும் இயந்திரம். அறுவடைக்கு முன்பே திறக்கும் கொள்முதல் நிலையம். ஆலைக்குச் சாலை போட இடம் கிடைத்த மாவட்டத்தில் களத்துக்கா கிடைக்காது?

மேடையில் ஊராட்சித் தலைவர்கள் மூவர் அமர்ந்திருக்கிறார்கள். எந்தப் புறம்போக்கில் களம் அமையும் என்று குறித்துக் கொடுத்துவிட்டு இறங்குங்கள், ஐயா! நான் கீழே தேநீர்க் கடையில் காத்திருக்கிறேன்.