பெயரை ஏற்காத படிவம்

பேராக்கின் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாக மாறிவிட்டன. அங்கிருந்து சுங்கை சிப்புட், ஈப்போ என்று குடியேறிய பலரின் மைகார்டில் ஒரு சாய்கோடு மட்டும் மாறவில்லை. மகனுக்கு ‘ஏ/எல்’, மகளுக்கு ‘ஏ/பி’.

இந்தக் கோட்டைக் கண்டதும் சில இணையப் படிவங்கள் ‘பிழை’ என்கின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் படிவ ‘பிளகின்’னை அப்படியே பொருத்திவிடுவதே காரணம். பெயரில் எழுத்தும் இடைவெளியும் மட்டுமே வரலாம் என்று அதில் விதி இருந்தால், சாய்கோடு தேறாது.

பிள்ளைகள் ஓரிடத்தில் கோட்டை எடுத்துவிடுகிறார்கள்; இன்னோரிடத்தில் ‘ஏ எல்’ என்று பிரிக்கிறார்கள். பிறகு சான்றிதழில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். வேலைக்குப் போகும்போது அலைச்சல்.

இணையத்தில் இப்படி ஒப்பேற்றுவது புதிதல்ல. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவிக்காக, பக்க அழகைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் வரியின் முன் அடிக்கோடு போட்டார்கள். சரிபார்ப்புக் கருவி அதைப் பிழை என்றது. 2022இல் எக்ஸ்புளோரரையே மைக்ரோசாப்ட் ஓய்வுக்கு அனுப்பியது. அந்தத் தந்திரமும் வழக்கொழிந்தது. பெயரில் செய்த ஒப்பேற்றலோ ஆயுள் முழுதும் கூடவே வரும்.

சாய்கோட்டைக் கட்டளையாகக் கொள்ளாமல் எழுத்தாகவே சேமிக்கும்படி நிரல் எழுதினால் போதும். தளம் அமைக்கும் இளைஞர்கள், வெளியிடுமுன் ஓர் ‘ஏ/எல்’, ஓர் ‘ஏ/பி’ பெயரைப் போட்டுப் பார்க்கட்டும். பெற்றோர்களே, படிவம் மறுத்தால் பெயரைத் திருத்தாதீர்கள். படிவத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.