நம் குழந்தைகளின் தட்டில் என்ன இருக்கிறது?

(புனே, ஏரவாடாவில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் ஒவ்வோர் ஆத்திலும் பாட்டி என்று ஒரு நிபுணர் இருக்கிறார். அதனால் நான் உபதேசம் செய்ய வரவில்லை. நாம் கூடியிருக்கும் இந்த ஏரவாடாவை வைத்தே சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ஏரவாடா என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஜெயில்தான் ஞாபகம் வரும். இங்கேயே நகர் ரோடில் ஆகாகான் மாளிகையும் இருக்கிறது. 1942 ஆகஸ்டில் காந்திஜியைக் கைது செய்து அங்கேதான் வைத்தார்கள். ஆகஸ்ட் 15 அன்று மகாதேவ தேசாய் அங்கேயே காலமானார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், ஆகஸ்ட் 28-ல் ஆரம்பித்து டிசம்பர் 18-க்குள் காந்திஜி ஒரு சின்னப் புத்தகம் எழுதி முடித்தார். ஆங்கிலத்தில் 'கீ டு ஹெல்த்' என்று பெயர். குஜராத்தியிலிருந்து அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் டாக்டர் சுசீலா நய்யார்.

அந்தப் புத்தகத்தில், உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. பசும்பால் 2 பவுண்டு. அரிசி, கோதுமை, கம்பு எல்லாம் சேர்த்து 6 அவுன்ஸ். கீரை 3 அவுன்ஸ், மற்றக் காய்கள் 5 அவுன்ஸ், பச்சையாகச் சாப்பிடும் காய் 1 அவுன்ஸ். கொஞ்சம் நெய், கொஞ்சம் வெல்லம், வசதிக்கேற்பப் பழம், கூடவே இரண்டு எலுமிச்சம்பழம்.

இதை நம் கணக்கில் பாருங்கள். தானியம் சுமார் 170 கிராம். காயும் கீரையும் சேர்ந்து சுமார் 255 கிராம். சாதத்தைவிடக் காய் ஒன்றரை மடங்கு! நம் ஆத்துத் தட்டில் இது எப்படி இருக்கிறது? சாதம் மலை மாதிரி, கறி ஓரமாக ஒரு கரண்டி. குழந்தை அந்த ஒரு கரண்டியையும் ஒதுக்கிவிட்டு, சாம்பாரில் இருக்கும் தானையும் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வைத்துவிடுகிறது. நாமும் "சாதம் சாப்பிட்டானே, போதும்" என்று திருப்திப்படுகிறோம்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பால் குடிப்பவர்களுக்குப் பருப்பு அவ்வளவு அவசியமில்லை என்பது அவர் கட்சி. வளரும் குழந்தைக்கு அது பொருந்தாது, பருப்பு வேண்டும். ஆனால் நகரத்து மனிதர்கள் நாள் முழுவதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பது கெடுதல், மூன்று வேளை போதும் என்றாரே, அதை இன்று யார் மறுப்பார்கள்? சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு சிற்றுண்டி கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காந்திஜி பாலைத் துறக்க எவ்வளவோ முயன்றவர். 1912-ல் தென்னாப்பிரிக்காவில் அதை விட்டார். 1918-ல் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து உடம்பு தேறாமல் போனபோது, கஸ்தூர்பா சொன்ன யோசனைப்படி ஆட்டுப்பாலுக்கு இணங்கினார். தாவரங்களில் பாலுக்கு ஈடாக ஒன்று கிடைக்குமா என்று பல வருஷம் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. சைவ உணவுக்காரருக்குப் பால் இல்லாமல் முடியாது என்றே இங்கே இருந்தபோதும் எழுதினார்.

ஏன் கிடைக்கவில்லை? அதற்கு ஒரு காரணம் 1948-ல்தான் தெரிந்தது. அந்த வருஷம் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வைட்டமின் பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ரத்தம் ஊறுவதற்கும் நரம்புகளுக்கும் மூளை வளர்ச்சிக்கும் அவசியமான சத்து இது. இதை எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. பசுவின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்குவது பாலில் இறங்குகிறது. முட்டை, மீன், மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்குப் பல வழிகள். நமக்கு இருக்கிற வழி பாலும் தயிரும் மட்டுமே. பருப்பிலோ கீரையிலோ இது கிடையாது. இட்லி மாவு புளிப்பதால் வந்துவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது.

இந்த விஷயத்தில் நம் புனேவே உலகத்துக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. இங்குள்ள கே.ஈ.எம். ஆஸ்பத்திரியின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவரது குழுவினரும் 1993 முதல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் குழந்தைகள் பிறந்தபோது சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகள் 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தை எடையில் குறைவாக இருந்தாலும் உடம்பில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிற்காலத்தில் சர்க்கரை வியாதிக்கு இது விதை.

2001-ல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரை ஒன்று, பாலும் கீரையும் பழமும் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் நல்ல வளர்ச்சியோடு இருந்ததைக் காட்டியது. அந்தத் தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு என்பது 2008-ல் வெளிவந்தது. போலிக் அமிலம் அதிகமாகவும் பி12 குறைவாகவும் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஆறு வயதிலேயே இன்சுலின் சரியாக வேலை செய்யாத அறிகுறி கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே கர்ப்ப காலத்தில் டாக்டர் கொடுக்கும் போலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கூடவே "எனக்கு பி12 எவ்வளவு இருக்கிறது?" என்று கேளுங்கள்.

கிராமத்துக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். 2016-18-ல் நாடு முழுவதும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 31 சதவீதத்தினருக்கு பி12 குறைவு. 28 சதவீதத்தினருக்கு ரத்த சோகை. இது எல்லா வகைச் சாப்பாட்டுக்காரர்களையும் சேர்த்த கணக்கு. நாம் தலைமுறை தலைமுறையாகச் சைவம்.

"எங்க பாட்டி காலத்துல யாரு பி12 பார்த்தா?" என்று கேட்பீர்கள். யாரும் பார்க்கவில்லை, அதனால் யாருக்குக் குறைந்தது என்றும் தெரியாது. சோர்வு, மறதி, கைகால் மரத்துப் போவது, நாக்கு புண்ணாவது எல்லாம் 'வாயு' என்றோ 'வயசு' என்றோ பெயர் வாங்கிக்கொண்டு போய்விட்டன. குழந்தை சோர்ந்து படுத்தால் இன்று நாம் 'சோம்பேறி' என்கிறோம். பாடம் ஏறாவிட்டால் இன்னொரு டியூஷன் வைக்கிறோம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமே.

இன்றைய குழந்தை பாலைக் கண்டால் ஓடுகிறது, தயிர்சாதம் என்றால் "பழசு" என்கிறது. அதற்குப் பதிலாக பீட்சாவும், சிப்ஸும், பாட்டிலில் அடைத்த பானமும் வந்துவிட்டன. அசைவம் நமக்கு வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். சரி. பாலையும் தயிரையும் கீரையையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டால் அதற்குப் பெயர் சைவம் அல்ல, அரைப்பட்டினி. ஆசாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று குழந்தையின் உடம்பைக் கோட்டைவிடக் கூடாது.

செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

200 மில்லி பாலில் சுமார் 0.9 மைக்ரோகிராம் பி12 இருக்கும். பள்ளி வயதில் தேவை ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். ஆகவே பாலும் தயிருமாக ஒரு நாளைக்கு இரண்டு பெரிய டம்ளராவது உள்ளே போகவேண்டும். நீர்மோரைத் தயிர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சினால் பி12 குறையும்.

கீரை, பருப்பு, கொண்டைக்கடலை இவற்றோடு எலுமிச்சை பிழியுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்கும். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் காபியும் டீயும் அதைத் தடுக்கும். காபி நமக்கு உயிர்தான். குழந்தைக்கு அதைப் பழக்க வேண்டாம்.

முதல் கவளம் காய், பிறகு சாதம் என்று ஆரம்பியுங்கள். புதுக் காய் முதல் நாளே பிடித்துவிடாது. திட்டாமல், கெஞ்சாமல், மறுபடி மறுபடி கொஞ்சமாக வையுங்கள். டிவியும் மொபைலும் அணைந்திருக்கட்டும். அப்பா வெண்டைக்காயை ஒதுக்கினால் பிள்ளையும் ஒதுக்குவான்.

பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்தால், டாக்டர் சொல்லும் மாத்திரையை சங்கோஜமில்லாமல் கொடுங்கள். மருந்துக்கான பி12-ஐ நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள், மாமிசத்திலிருந்து அல்ல. ஜெலட்டின் உறை வேண்டாம் என்றால் காப்ஸ்யூலுக்குப் பதில் மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம்.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்கள் கிளம்புமுன் ஆகாகான் மாளிகைக்குக் குழந்தைகளை ஒரு தடவை அழைத்துப் போங்கள். வெளியே வந்ததும் அவர்களுக்கு பப்ஸ் வாங்கித் தராமல் ஒரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுங்கள்.