சோப்பில் கலர்குச்சி: குழந்தைகளுக்கு வீட்டிலேயே செய்யலாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதின் எழுத்து வடிவம்)

 

போன மாசம் இரண்டு குழுவிலிருந்து ஒரே கேள்வி வந்தது. "குளிக்கும்போது குழந்தைங்க உடம்பிலயும் சுவத்திலயும் எழுதி விளையாடற கலர்குச்சி கடையில விக்குதே, அதை நாமளே செய்ய முடியுமா? செஞ்சு விக்க முடியுமா? அதுக்குக் கடன் கிடைக்குமா?" மூணு கேள்விக்கும் பதில் சொல்லத்தான் இன்னைக்குப் பேசறேன். முதல் கேள்விக்குப் பதில், தாராளமாகச் செய்யலாம். மற்ற இரண்டும் அவ்வளவு சுலபம் இல்லை. கடைசியில் வருகிறேன்.

முதல்ல ஒரு தெளிவு வேணும். பள்ளிக்கூடத்தில் குழந்தைங்க வரையற கிரேயான் வேற, இது வேற. அது மெழுகு. தண்ணியில கரையாது, சுவத்துல எழுதினா தேய்ச்சாலும் போகாது. குளியல் கலர்குச்சி என்பது முழுக்க முழுக்க சோப்புதான். கலர் சேர்த்துக் குச்சியாகப் பிடித்த சோப்பு, அவ்வளவுதான். எழுதினதைத் தேய்ச்சாலே நுரை வந்து கழுவிப் போயிடும். குளிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற பிள்ளை தானாகவே சோப்பைக் கையில் எடுக்கும். அதனாலதான் அம்மாமார்களுக்கு இது மேல ஆசை.

சோப்பு காய்ச்சும் பயிற்சிக்குப் போனவங்க இங்கே நிறைய பேர் இருக்கீங்க. காஸ்டிக் சோடா வாங்கணுமோன்னு நினைக்காதீங்க. இதுக்கு அது வேண்டவே வேண்டாம். ஏற்கனவே செய்து முடித்த சோப்பைத் துருவி மறுபடி பிசையறோம். குழந்தை இருக்கிற வீட்டு அடுப்படியில் காஸ்டிக் சோடா டப்பாவைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

எந்த சோப்பு? வெள்ளையாக, வாசனை குறைவாக இருக்கிற குளியல் சோப்பு எடுங்க. உறையில் சின்ன எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் கொழுப்புச் சத்து எவ்வளவு என்ற கணக்கு அது. 76 அல்லது அதற்கு மேலே இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். குழந்தைத் தோலுக்கு முதல் தரமே வாங்குங்க. துணி துவைக்கிற சோப்பு, பாத்திரம் விளக்குற சோப்பு இரண்டும் கூடவே கூடாது. வீட்டில் தேய்ந்துபோன வெள்ளை சோப்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் சொந்தப் பிள்ளைக்கு அதிலேயே செய்யலாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் புது சோப்புதான்.

செய்முறையைக் கவனிங்க. 100 கிராம் சோப்பை கேரட் துருவியில் மெல்லிசாகத் துருவுங்க. தூள் பறந்து தும்மல் வரும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்க. அந்தத் துருவியை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம், இதுக்கென்றே ஒன்று வெச்சுக்கோங்க. துருவின தூளில் ஒரு டேபிள்ஸ்பூன் சுடுதண்ணி தெளித்து, மூடிப் பத்து நிமிஷம் விடுங்க. பிறகு பிசையணும். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, கையில் ஒட்டாமல் வரணும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஒவ்வொரு டீஸ்பூனாகத் தண்ணி சேருங்க. அவசரப்பட்டு ஊற்றினா களி மாதிரி ஆகி, காய ஒரு வாரம் எடுக்கும், காய்ந்ததும் வெடிக்கும். கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் பிசைய சுகமாக இருக்கும். அதிகம் ஊற்றினால் குச்சி குழைஞ்சு போகும். மைதா, அரிசி மாவு எதுவும் கலக்காதீங்க, ஈரம் பட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

மாவை மூணு நாலு உருண்டையாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு கலர் சேர்க்கணும். அச்சுக்குப் பெரிசா எதுவும் வாங்க வேண்டாம். பழைய முறுக்கு நாழியில் ஒற்றைக் கண் தட்டைப் போட்டுப் பிழிந்தால் நீளக் குச்சியாக வரும், விரல் நீளத்துக்கு வெட்டிக்கலாம். அந்த நாழியும் பிறகு பலகாரத்துக்கு வேண்டாம். நாழி இல்லையென்றால் உள்ளங்கையில் உருட்டினாலே போதும். பருமனா, குழந்தை கை முழுக்கப் பிடிக்கிற அளவு இருக்கட்டும். மெல்லிசா இருந்தா ஒடிஞ்சு துண்டாகி வாய்க்குப் போகும். நிழலில் மூணு நாள் காயவிடுங்க, நடுவில் திருப்பிப் போடுங்க. 100 கிராம் சோப்பில் ஆறு குச்சி வரும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கலர். இதில்தான் நிறைய பேர் தப்பாகப் போகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"கெமிக்கல் எதுக்கு, மஞ்சள்தூள் போட்டா மஞ்சள் கலர், பீட்ரூட் போட்டா சிவப்பு" என்று உடனே தோணும். செய்து பாருங்க, வராது. மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு சேர்த்தால் என்ன ஆகும்? ஆரத்தி கரைக்காத வீடு நம்ம ஊரில் உண்டா? சிவப்பாக மாறும். சுண்ணாம்பு காரம், மஞ்சளோட நிறம் காரத்தில் மாறிடும். சோப்பும் காரம்தான். அதனால மஞ்சள் சேர்த்த சோப்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பும். பீட்ரூட் சாறு சிவப்பாக நிக்காது, பழுப்பாகிப் போகும். சங்குப்பூவின் நீலம் பச்சைப் பக்கம் போகும். கீரைச் சாறு முதல் நாள் பச்சையாக இருந்து வெளிச்சத்தில் வெளுக்கும். மேலும் சாறு சேர்த்த சோப்பு சீக்கிரம் கெடும். இயற்கை என்ற பெயருக்காக அழுகின சோப்பைக் குழந்தை மேல தேய்க்கிறதில் அர்த்தம் இல்லை.

சொந்தப் பிள்ளைக்கு வீட்டில் செய்ய, உணவுக் கலரே போதும். கேக், கேசரிக்குப் போடுகிற அதேதான். ஆனால் மளிகைக் கடையில் பேப்பரில் மடித்துத் தருகிற பொடி வேண்டாம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கணும். கலரோட பேரும் போட்டிருக்கணும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது ஞாபகம் இருக்கும். அந்த ரோஸ் கலர் ரோடமைன்-பி, துணிக்குப் போடுகிற சாயம். வாயில் போடுகிற மிட்டாயிலேயே அதைக் கலந்தவர்கள் இருந்தார்கள் என்றால், பேர் இல்லாத பொடியை நாம் எதை நம்பி வாங்குவது? கோலப்பொடி, ஹோலிப் பொடி, துணிக்குப் போடும் சொட்டு நீலம், குங்குமம், போஸ்டர் பெயிண்ட், இவை எதுவும் சோப்பில் சேரக்கூடாது. சில பொடிகளில் ஈயம் கூட இருக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

அளவு? ஒரு சிட்டிகைப் பொடியை ஒரு டீஸ்பூன் தண்ணியில் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசையுங்க. பளிச்சென்று வரணும்னு ஆசைப்பட்டு அள்ளிப் போட்டால் தோலில் கறை நிற்கும். சோதனை சுலபம். உங்க முன்கையில் ஒரு கோடு போட்டு, ஒரு நிமிஷம் விட்டுக் கழுவுங்க. நிறம் தங்கினால் கலர் இல்லாத மாவு கொஞ்சம் சேர்த்து மறுபடி பிசையுங்க. நீலம், மஞ்சள் இரண்டு வாங்கினாலே பச்சை கிடைத்துவிடும். சிவப்போடு மூணு டப்பா, ஒரு குழுவுக்கே வருஷக்கணக்கில் வரும்.

சுவரைப் பற்றியும் கேட்டார்கள். வழவழப்பான டைல்ஸ் என்றால் கழுவிடலாம். நம்ம வீடுகளில் பெரும்பாலும் சிமெண்ட் பூச்சு, அது கலரை உறிஞ்சிக்கும். அங்கே சுவரை விட்டுவிட்டு எவர்சில்வர் வாளியின் வெளிப்பக்கம், குழந்தையோட கை, வயிறு என்று எழுத விடுங்க. கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் வாளியில் கறை நிக்கும்.

குழந்தைப் பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியே ஆகணும். மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் கொடுக்காதீங்க, கடித்து விழுங்கிடும். மிட்டாய், பழம் மாதிரி உருவத்தில் செய்யாதீங்க. ஸ்ட்ராபெரி, சாக்லேட் எசென்ஸ் விடாதீங்க, வாசனையே தின்னச் சொல்லும். முகத்தில், கண் பக்கத்தில் எழுத விடாதீங்க. கரப்பான், சொறி இருக்கிற பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கும் முதல் முறை முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் பொறுத்துச் சிவக்குதா என்று பாருங்க.

பிள்ளை விளையாட்டில் மூழ்கிட்டா, "சரி, அடுப்பைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று தோணும். போகாதீங்க. தண்ணி நிரம்பின வாளியில் சின்னக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. இந்தக் குச்சி பிள்ளையைக் கவனிக்கிற ஆள் இல்லை. நாம உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அது விளையாட்டு.

இதுக்கு விளையாட்டைத் தாண்டியும் ஒரு பயன் இருக்கு, எனக்குப் பிடித்தது அதுதான். சாப்பாட்டுக்கு முன் பிள்ளையோட இரண்டு உள்ளங்கையிலும் புறங்கையிலும் ஒரு எழுத்து எழுதுங்க. 'அ' எழுதுங்க, பேரை எழுதுங்க. அது மறையிற வரைக்கும் தேய்க்கச் சொல்லுங்க. கை கழுவ 20 விநாடி தேய்க்கணும் என்று சொல்றாங்களே, அந்த 20 விநாடியை எண்ணத் தெரியாத பிள்ளைக்கும் இது புரியும். விரல் இடுக்கில் ஒரு புள்ளி வைத்தால் இடுக்கும் சுத்தமாகும். அக்டோபர் 15 உலகக் கை கழுவும் தினம், 2008-லிருந்து கொண்டாடறாங்க. அன்றைக்கு நம்ம ஊர் அங்கன்வாடியில், பணியாளரிடம் கேட்டுக்கொண்டு, மூணு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒவ்வொரு குழுவும் இதைச் செய்து காட்டலாம்.

இப்போ விற்பனை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சோப்பு 40 ரூபாய், கலர், பேப்பர், டப்பா எல்லாம் சேர்த்து 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54. ஆறு குச்சி என்றால் ஒன்றுக்கு 9 ரூபாய் அடக்கம். இதில் நம்ம கூலி சேரவில்லை. துருவி, பிசைந்து, உருட்டி, மடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். 1940-ம் வருஷத்து மருந்து, அழகு சாதனப் பொருள் சட்டத்தில் முதலில் சோப்பை விட்டு வைத்திருந்தார்கள். 1982-ல் திருத்தம் செய்து குளியல் சோப்பையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இப்போது 2020-ம் வருஷத்து அழகு சாதன விதிகள் நடைமுறையில் இருக்கு. விற்பதற்காகத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். கலரும் அழகு சாதனத்துக்கு அனுமதித்த பட்டியலில் உள்ளதாக இருக்கணும். உறையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, தேதி, விலை எல்லாம் அச்சிடணும். 'விளையாட்டுப் பொருள்' என்று போட்டு விற்கலாமே என்று ஒருத்தர் யோசனை சொன்னாராம். 14 வயசுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த வழி இன்னும் சிக்கல்.

அதனால என் கருத்து இது. இதை நம்பி இப்போது உள்கடனோ வங்கிக் கடனோ யாரும் எடுக்க வேண்டாம். சுழல்நிதியை இதில் முடக்க வேண்டாம். ஏற்கனவே உரிமத்தோடு சோப்பு தயாரிக்கிற குழு இருந்தால், அவர்கள் இதையும் தங்கள் உரிமத்தில் சேர்க்க முடியுமா என்று மாவட்டத் தொழில் மையத்திலும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேட்கட்டும். வாய்வார்த்தை போதாது. பதில் கடிதம் வந்தபிறகு கடனைப் பற்றிப் பேசுவோம். "சின்ன அளவுதானே, யார் கேட்கப்போறாங்க" என்று ஒரு சகோதரி இப்போது கேட்டாங்க. யாரும் கேட்காமலே போகலாம். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தோல் வெந்துபோனால் வீட்டு வாசலில் வந்து நிற்பது அந்த ஊர் அம்மாதான். குழுவின் பெயர்தான் உறையில் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் செய்து காட்டுகிறேன். குழுவுக்கு ஒருத்தர் ஒரு வெள்ளை சோப்பு, ஒரு பழைய துருவி, மூடியுள்ள டப்பா ஒன்று கொண்டு வாங்க. கலர் டப்பாவைக் கூட்டமைப்பே வாங்கி வைக்கும். சோப்பு உறையைக் கிழித்துப் போடாமல் கொண்டு வாங்க, டி.எஃப்.எம். எங்கே போட்டிருக்கு என்று சேர்ந்து பார்ப்போம்.