பரீட்சார்த்தத் தளத்துக்கும் ஒரு பூட்டு



நூற்றாண்டையொட்டி நாங்கள் தொடங்கிய பழைய மாணவியர் பதிவேட்டின் இணையத்தளம் இன்னும் பரீட்சார்த்த நிலையில்தான் இருக்கிறது. "திறக்காத தளம்தானே, ஏன் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது?" என்று வவுனியாவிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கேட்கிறீர்கள்.

2009 வரையான இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைக்கூடத் தொலைத்தவர்கள் நாங்கள். பதிவேடு வேண்டும் என்ற ஆசை அதனால்தான். ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்ற பட்டியலுக்கு வன்னியில் வேறொரு பாரமும் உண்டு. பிள்ளைகளோடு தனியே வாழும் ஒரு தங்கச்சியின் விலாசம் கூகுளில் வந்து நிற்கக்கூடாது. நாங்கள் யாருக்கும் சொல்லாத தளத்தையும் தேடுபொறி கண்டுபிடித்துவிடும்.

நாங்கள் போட்டிருப்பது மிக எளிய பூட்டு. பக்கத்தைத் திறந்தால் உலாவியே ஒரு சிறு பெட்டியைக் காட்டும். சேவையகத்தில் ஒரு கடவுச்சொல் கோப்பும் சில வரி அமைப்பும் போதும்; அரை மணி நேர வேலை. அதன் குறையையும் சொல்லவேண்டும். நீங்கள் தட்டும் கடவுச்சொல் மறைக்கப்படுவதில்லை, வேறு எழுத்துகளாக மாற்றி எழுதப்படுகிறது, அவ்வளவுதான். இடையில் பார்ப்பவர் நொடியில் திருப்பி வாசிப்பார். ஆகவே முகவரி எச்ரிரிபிஎஸ் என்று தொடங்கினால் மட்டுமே தட்டுங்கள். வெளியேறும் பொத்தானும் இல்லை. பொதுக் கணினியென்றால் உலாவியை முழுதாக மூடிவிடுங்கள்.

வைத்தியர்களான எங்களுக்கு டிஎச்ஐஎஸ்2 பழக்கமான பெயர். 2020இல் கொவிட் வந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பதிய எங்கள் சுகாதார அமைச்சு அந்த மென்பொருளைத்தான் எடுத்தது. அதன் மாதிரித் தளத்தின் பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'டிஸ்ட்ரிக்ட்' என்பது உலகறிந்தது. அதில் பாதகமில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பவை கற்பனைத் தரவுகள். அதே சொற்களை உண்மை நோயாளரின் தரவுக்கு வைத்தால், கிளினிக் கொப்பிகளைச் சந்தியில் அடுக்கி வைத்ததுபோலத்தான்.

அதனால் சோதனைக் காலத்தில் எங்கள் பதிவேட்டிலும் கற்பனைப் பெயர்கள்தான். உங்கள் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். ஆளுக்கொரு பயனர் பெயர் தருகிறோம். வைபர் குழுவில் ஒன்றைப் போட்டு எல்லோரும் பாவிக்காதீர்கள். ஒருவருடையது கசிந்தால் அதை மட்டும் நிறுத்தலாம். உண்மை விபரங்கள் ஏறும்போது யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கும் வேறு உள்நுழைவு வரும். இந்தப் பூட்டு அந்த வேலையைச் செய்யாது.

இப்போது உங்களிடம் கேட்பது, தொலைபேசியில் திறந்து பாருங்கள். எழுத்து உடைந்தால், ஆண்டு மாறி விழுந்தால், செயலாளருக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.