அழுத கண்களோடு ஒரு பேச்சு

சென்ற வார அரசியல் வகுப்பில் இளைஞர் ஒருவர் எழுந்து, "இனி எந்த வெளிநாட்டுச் செய்தியையும் நம்பேன்!" என்றார். குரல் தழுதழுத்தது. குவைத் குழந்தைகளின் கதையை அன்றுதான் அவர் அறிந்தார்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தைக் கைப்பற்றிற்று. அக்டோபர் 10-ஆம் நாள், வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சிலர் முன்னிலையில் 15 வயதுப் பெண்ணொருத்தி கண்ணீருடன் சாட்சி சொன்னாள். ஈராக்கியச் சிப்பாய்கள் மருத்துவமனையில் புகுந்து, இன்குபேட்டர்களிலிருந்த பச்சிளங் குழந்தைகளை எடுத்து வெறுந்தரையில் சாகவிட்டனராம்! அவளுடைய முழுப் பெயர் சொல்லப்படவில்லை. எவரும் கேட்கவுமில்லை. ஜனாதிபதி புஷ் அக்கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1991 ஜனவரியில், 52-க்கு 47 என்ற வாக்கில், செனட் சபை போருக்கு இசைந்தது. அவள் அமெரிக்காவிலிருந்த குவைத் தூதரின் மகள் என்பதோ 1992 ஜனவரியில்தான் ஊரறிய வெளிப்பட்டது! சாட்சியத்தின் ஏற்பாட்டில், குவைத் தரப்பின் பணம் பெற்ற விளம்பர நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. கதைக்கு ஆதாரம் கிட்டவேயில்லை.

நானும் அழுதவன்தான், தோழர்களே! உண்மை தெரிந்தபோது கோபத்தைவிட வெட்கமே மிகுந்தது. என் இரக்கத்தையே சாவியாக்கிப் போர்க்கதவைத் திறந்துவிட்டார்களே! ஆத்திரத்தில், குவைத்தில் கொடுமையே நடக்கவில்லை என்றுகூடப் பேசித் திரிந்தேன். அங்கே வேலை பார்த்து, அம்மான் வழியே விமானமேறி ஊர் திரும்பிய நண்பர் ஒருவர் அதைக் கேட்டார்.

"பெட்டிக் கதை பொய், சரி. நள்ளிரவில் என் அண்டை வீட்டானை இழுத்துப் போனார்களே, அதுவுமா பொய்?" என்றார்.

வாயடைத்துப் போனேன். அந்த இளைஞரை வரும் ஞாயிறன்று அவரிடம் அழைத்துச் செல்கிறேன்.