திரியாய் மலை

குச்சவெளிக்கு வடக்கே, புல்மோட்டை வீதியின் மேற்குப் பக்கம், வயலும் காடும் கலந்த சமதரையில் தனித்து எழும் சிறு குன்றே திரியாய் மலை. கந்தசாமிமலை என்ற பெயரும் இதற்குண்டு. சிவனொளிபாத மலையைப் போல மேகம் தொடும் உயரம் இதற்கில்லை. ஆனாலும் இலங்கையின் கடல்வணிக வரலாற்றை அறிய விரும்புபவர் ஏறியே ஆகவேண்டிய மலை இது.

உச்சியில் இருப்பது கிரிஹண்டு சேய என்னும் பழைய பௌத்த வழிபாட்டிடம். நடுவே ஒரு தூபி, அதைச் சுற்றி வட்டவட்டமாகக் கற்றூண்கள். அன்று அத்தூண்கள் தாங்கிய மரக்கூரை இன்று இல்லை. இதன் வரலாற்றைச் சொல்வது அருகிலுள்ள பாறைக் கல்வெட்டு. மொழி வடமொழி; எழுத்தோ பல்லவர் கிரந்தத்தை ஒத்தது. ஏழாம் எட்டாம் நூற்றாண்டளவில் வெட்டப்பட்ட அது, இங்கிருந்த சைத்தியத்தைக் கட்டியவர்கள் திரபுஸ்ஸகர், வல்லிககர் என்னும் வணிகக் கூட்டத்தார் என்கிறது, மகாயானப் போதிசத்துவரான அவலோகிதேசுவரரையும் போற்றுகிறது. ஆகவே மகாயான பௌத்தம் இங்கே வேரூன்றியிருந்தது உறுதி. இக்கூட்டத்தாரின் பெயர்கள் புத்தருக்கு முதல் உணவு படைத்த இரு வணிகர்களின் பெயர்களை ஒத்திருப்பதால், அவ்விருவரும் புத்தரிடம் பெற்ற கேசதாதுவே (தலைமயிரே) இங்கு வைக்கப்பட்டது என்பது பௌத்த மரபு. மரபை மரபாகவே கொண்டாலும், வங்காள விரிகுடாவில் கப்பலோட்டியவர்களின் செல்வம் இக்குன்றின் உச்சிவரை ஏறியதற்குக் கல்லே சாட்சி. குச்சவெளிக் கடலோரப் பாறையிலும் வடமொழிக் கல்வெட்டொன்று இருப்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

மலையடியிலுள்ள திரியாய், பழைய தமிழ் ஊர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து அல்லலுற்ற அதன் மக்கள் பின்னர் திரும்பிவந்து வயலைத் திருத்தினார்கள். இவர்களை விட்டுவிட்டு மலையின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

திருகோணமலையிலிருந்து வருபவர் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, குச்சவெளி வழியாகச் சுமார் 45 கிலோமீற்றர் வந்து மேற்கே திரும்ப வேண்டும். அநுராதபுரப் பக்கத்தார் பதவியா, புல்மோட்டை வழியாக யான் ஓயாவைக் கடந்து தெற்கே வரலாம். அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கற்படிகள் உண்டு. ஏற்றம் நீளமானதன்று, முதியவர்களும் ஆறியாறி ஏறிவிடலாம். மேலே நின்றால் கிழக்கே கடல், சுற்றிலும் வயலும் காடும்.

ஐப்பசி முதல் தை வரை மாரி மழையில் பாறை வழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வானம் தெளிந்திருக்கும். ஆனால் நண்பகலில் பாறை கொதிக்கும், உச்சியில் செருப்பும் அணியலாகாது. காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் கொண்டு செல்லுங்கள். கல்வெட்டைக் கண்ணால் மட்டும் பாருங்கள்; அதன்மேல் சுண்ணக்கட்டி பூச வேண்டாம்.