ஏடு இல்லாமல் வீடு இல்லை



வீட்டுக் கடனுக்கான வங்கி அறிக்கையைக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே எங்கள் அணியின் வாதம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரும் நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து புறப்படுகிறது. அந்தத் தெருக் கிட்டங்கிகளில் பேரேட்டில் எழுதித்தான் கடன் கொடுத்தார்கள். இன்றைய வங்கியும் ஏட்டைத்தான் கேட்கிறது: சம்பளக்காரரிடம் பெரும்பாலும் 3 மாத அறிக்கை, சொந்தத் தொழில் செய்பவரிடம் 6 மாத அறிக்கை.

காகிதம் தொலைந்ததா? கிளைக்கு ஓடாதீர்கள். பழைய அறிக்கையை அச்சிட்டுத் தரப் பல வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன. அதையே இணைய வங்கியில் பிடிஎஃப் கோப்பாக நாமே இறக்கிக்கொள்ளலாம், காசில்லை. கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பெயர், கணக்கு எண், தேதி முழுமையாகத் தெரிய வேண்டும். ஊழியர் சேமநிதி அறிக்கையும் இணையத்தில் இலவசம். பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் தளத்தில் நம் 12 மாதக் கடன் பதிவும் இலவசம்.

"சில வெள்ளிதானே?" என்கிறார்கள் எதிரணியினர். முன்பணம் கட்டியவருக்கு வெள்ளியைவிட நாள் பெரிதய்யா! கெடு தாண்டினால் வீடு கைமாறிவிடும். இணையத்திலும் பழைய மாதங்கள் என்றென்றும் இருப்பதில்லை. மாதந்தோறும் இறக்கிச் சேமித்து வையுங்கள் என்று கூறி அமர்கிறேன்.